நவநேத்ர பீடம் வழங்கிய ஒளிவட்டம்

நவநேத்ர பீடத்தில் 'நோயாளி' என்ற சொல்லுக்குத் தடை. 'ஆஸ்பத்திரி' என்ற சொல்லுக்கும்தான். தெற்கு தில்லியில் மெட்ரோ தூண்களை ஒட்டி, சுவரே தெரியாமல் கண்ணாடியால் எழுப்பிய அந்தக் கட்டடத்துக்குள் நுழைகிறவர் 'திருஷ்டி யாத்ரி'. அவர் கையைப் பிடித்து அழைத்துப் போகும் பெண் 'திருஷ்டி சகி'. லேசர் வைத்துக் கிட்டப்பார்வையைச் சரிசெய்யும் அறைக்குப் பெயர் 'கர்ப்பக்கிரகம்'. பணம் கட்டும் இடத்தை மட்டும் கேஷ் கவுன்ட்டர் என்றே எழுதியிருந்தார்கள். அந்த ஓர் இடத்தில் யாருக்கும் குழப்பம் வந்துவிடக் கூடாது என்று நிர்வாகம் நினைத்திருக்கலாம்.

ப்ரீதா அங்கே போய்ச் சேர்ந்ததற்கு ராஜீவ் சௌக் மெட்ரோ ஸ்டேஷன்தான் காரணம். மயூர் விஹாரில் அம்மாவுடன் இருந்துகொண்டு, நொய்டாவில் ஒரு ஸ்டூடியோவில் அவள் கலரிஸ்டாக வேலை பார்த்தாள். எடுத்து முடித்த படத்தை இருட்டறையில் பெரிய திரையில் ஓட்டி, காட்சிக்குக் காட்சி நிறத்தையும் வெளிச்சத்தையும் சரிசெய்கிற வேலை. கண்தான் மூலதனம். அந்தக் கண்ணுக்கு மைனஸ் ஏழு. ஒருநாள் குர்கானில் ஒரு விளம்பரப் படத்தைக் காட்டிவிட்டுத் திரும்பும்போது, ராஜீவ் சௌக்கில் வண்டி மாறுகிற கூட்டத்தில் யாரோ ஒருவரின் முழங்கை இடித்தது. கண்ணாடி விழுந்ததை அவள் பார்க்கவில்லை. மிதிபடும் சத்தத்தைத்தான் கேட்டாள்.

அதன்பிறகு உலகம் நிற நிறமான சோப்பு நுரையாகிவிட்டது. எந்தப் பக்கம் தண்டவாளம், எந்தப் பக்கம் படிக்கட்டு என்று தெரியவில்லை. தடவித் தடவி ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு, அதில் ஒட்டியிருந்த விளம்பரத்தை மூக்கு உரச நெருங்கிப் படித்தாள். இந்தியில் எழுதியிருந்தது: 'இதைப் படிக்க இவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டீர்களா? அப்படியென்றால் நீங்கள் எங்களுடையவர். நவநேத்ர பீடம்.'

அப்போது அது அவளுக்கு அன்பான வாசகமாகத் தோன்றியது.

அம்மா மாலாவுக்கு இதில் இஷ்டமில்லை. தில்லிக்கு வந்து முப்பது வருஷம் ஆகியும் திருநெல்வேலியை நாக்கிலிருந்து இறக்கி வைக்காதவள் அவள்.

"ஏட்டி, கண்ணுல போயி கத்திய வைக்கச் சொல்லி யாரு சொன்னா ஒனக்கு?"

"கத்தி இல்லம்மா, லேசர். லைட்டு மாதிரி."

"டார்ச் லைட்டா?"

"ஆமா, பெரிய டார்ச்னு வெச்சுக்கோயேன்."

"டார்ச்ச கண்ணுல அடிச்சா கண்ணு கூசத்தானே செய்யும்?"

இந்த ஒரு கருத்தைப் பீடத்தில் பிறகு யாரும் இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை.

ப்ரீதாவுக்கு வாய்த்த சகியின் பெயர் ஷ்ருதி. இளநீலப் புடவை, காதில் கருவி, எதைச் சொன்னாலும் முதலில் ஒரு புன்னகை. கண்ணைப் பல இயந்திரங்களின் முன்னால் வைத்து அளந்தார்கள். ப்ரீதா இணையத்தில் கொஞ்சம் படித்துவிட்டு வந்திருந்தாள்.

"இருட்டு ரூம்ல உட்காரவெச்சு, கண்மணி எவ்வளவு விரியுதுன்னு பார்க்கணுமாமே? அது எப்போ?" என்று இந்தியில் கேட்டாள்.

ஷ்ருதி புன்னகைத்தாள். "இருட்டா? மேடம், இது ஒளியின் இல்லம். இங்கே இருட்டே கிடையாது."

அது உண்மைதான். கட்டடம் முழுக்கத் தேடினாலும் அணைந்திருக்கும் ஒரு விளக்கைப் பார்க்க முடியாது.

ஆபரேஷனுக்கு முன்னால் பீடத் தலைவரின் தரிசனம் உண்டு. தலைவர் டாக்டர் பாலசுப்ரமணியம் பல வருஷங்களுக்கு முன் தஞ்சாவூரிலிருந்து வந்தவர். தில்லி முழுக்க அவரை 'பாலாஜி' என்று அழைத்தது. ஏழுமலையானோடு வரும் குழப்பத்தை அவர் திருத்த முயன்றதில்லை.

"தமிழாம்மா நீ? அச்சா! எந்த ஊர்?"

"அப்பா அம்மா திருநெல்வேலி, டாக்டர். நான் இங்கதான் பிறந்தேன்."

"திருநெல்வேலியா? எங்களுக்கு அல்வா குடுத்துட மாட்டியே?" என்று சிரித்தார். சகிகள் எல்லோரும் சிரித்தார்கள். அவர்களில் யாருக்கும் தமிழ் தெரியாது. "நம்ம ஊர்ப் பொண்ணு. கவலையே படாதே. உன் கண்ணு இனிமே என் கண்ணு."

அடுத்தது 'உபநேத்ர விசர்ஜனம்'. அதாவது, கண்ணாடியை வழியனுப்பும் சடங்கு. பூப்போட்ட கண்ணாடிக் குடத்துக்குள் பழைய கண்ணாடியைப் போட்டு, மணி அடித்து, அதனிடம் இரண்டு வார்த்தை பேச வேண்டும். ப்ரீதாவின் பழைய கண்ணாடி ராஜீவ் சௌக்கிலேயே தூளாகிவிட்டது. அவள் கையில் இருந்தது அவசரத்துக்கு லக்ஷ்மி நகரில் வாங்கியது. அதனுடன் அவளுக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. என்ன பேசுவதென்று தெரியாமல், "தேங்க்ஸ்" என்றாள்.

"கொஞ்சம் அழுங்க மேடம்," என்று ஷ்ருதி காதில் சொன்னாள். "கேமரா ஓடுது."

கர்ப்பக்கிரகத்தில் இமைகளை விரித்துக் கிளிப் போட்டார்கள். எங்கிருந்தோ சந்தூர் வாத்திய இசை வந்தது. ஒரு பச்சைப் புள்ளியையே பார்க்கச் சொன்னார்கள். முடி கருகுவது போல ஒரு வாசனை. சில நிமிஷங்களில் முடிந்துவிட்டது. அவள் எழுந்து உட்கார்ந்ததும், சுற்றி நின்றவர்கள் ஒரே குரலில் "யாத்ரி பார்க்கிறார்!" என்று சொல்லிக் கைதட்டினார்கள்.

எதிர்ச் சுவரில் கடிகாரம் தெரிந்தது. முள்கூடத் தெரிந்தது. ப்ரீதாவின் கண்களில் தானாகவே தண்ணீர் வந்தது. அதைப் படம் பிடிக்கத்தான் யாரும் இல்லை. கேமராக்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். அன்றைக்கு அந்தக் கடிகாரம் தெரிந்தது என்பதை அவள் பிற்பாடு யாரிடமும் மறைத்ததில்லை.

இருட்டிய பிறகு ஆட்டோவில் வீடு திரும்பினாள். யமுனைப் பாலத்தின் மேல் எதிரே வந்த ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் ஒரு சக்கரம் சுழன்றது. சக்கரத்திலிருந்து ஊசி ஊசியாகக் கதிர்கள். லாரி ஒன்று நெருங்கியபோது சாலை, பாலம், டிரைவரின் முதுகு எல்லாம் வெளிச்சத்தில் கரைந்து போயின. ஆட்டோவின் கம்பியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள். முதல் நாள் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லியிருந்தார்கள்.

முதல் வாரமும் அப்படியே போயிற்று. முதல் மாதமும்.

ஸ்டூடியோ இருட்டறையில் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்தால், எழுத்துக்குப் பின்னால் அதன் ஆவிகள் இரண்டு நின்றன. துணி சோப்பு விளம்பரம் ஒன்றைச் சரிசெய்து கொடுத்தாள். சட்டை வெள்ளையாக இல்லை, பாசி பிடித்த மாதிரி இருக்கிறது என்று கம்பெனியிலிருந்து ஃபோன் வந்தது. முதலாளி நல்லவர், திட்டவில்லை. திரைக்கு முன்னாலிருந்து அவளை எழுப்பி, வாடிக்கையாளர்களுக்கு ஃபோனில் பதில் சொல்லும் நாற்காலியில் உட்காரவைத்தார். அவள் இடத்துக்கு ஒரு புதுப் பையனைத் தேடத் தொடங்கினார்.

ப்ரீதா பீடத்துக்குப் போனாள். புகார் சொல்லும் இடம் எது என்று கேட்டாள். அப்படி ஓர் இடம் இல்லை என்றும், 'திருப்தி விபாக்' என்ற பிரிவு மூன்றாவது மாடியில் இருக்கிறது என்றும் சொன்னார்கள். அங்கே வெள்ளைக் கோட்டு அணிந்த ஓர் இளைஞன் பலகையிலிருந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னான். கடைசி வரி வரைக்கும் படித்தாள்.

"சிக்ஸ் பை சிக்ஸ். வாழ்த்துகள்!"

"படிக்க முடியுது. ஆனா ஒவ்வொரு எழுத்தும் மூணு மூணாத் தெரியுது."

"மூணா?" அவன் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டான். "மேடம், இந்த வரியில ஒரு எழுத்தைப் படிக்கவே எத்தனையோ பேர் திணறுறாங்க. உங்களுக்கு மூணு தெரியுதா!"

"ராத்திரியில ரோடு கிராஸ் பண்ண முடியல."

"அது வறட்சி. சொட்டு மருந்து போடுங்க. மூணு மாசம் தூசி, புகை ரெண்டும் படக்கூடாது."

ப்ரீதா ஜன்னலைப் பார்த்தாள். நவம்பர் மாதம். எதிர்க் கட்டடம் இருக்கும் இடத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ நின்றது.

"இது தில்லி," என்றாள்.

"காற்று எங்க டிபார்ட்மென்ட் இல்ல மேடம். கருவிழியோட எங்க எல்லை முடிஞ்சிடுது."

பீடத்தின் செயலியில் மதிப்பெண் போடச் சொன்னான். நான்கு நட்சத்திரமும் ஐந்து நட்சத்திரமும் மட்டுமே அதில் இருந்தன. அதற்குக் கீழே கொடுக்க விரும்புகிறவர்கள் 'கிருதக்ஞதா முகாம்' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினாள். அது நன்றியுணர்வை வளர்ப்பதற்கான முகாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை. இருபது பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு மெழுகுவத்தி. சுடரைப் பார்த்து, தெரிவதைச் சொல்லி நன்றி கூற வேண்டும். பக்கத்தில் இருந்தவர் விரல்களைக் குழலாக்கி, அதன் வழியே சுடரை நோட்டம் விட்டுவிட்டு, "ரொம்பத் தெளிவா இருக்கு, நன்றி," என்று அவசரமாகச் சொன்னார். ப்ரீதாவின் முறை வந்தது.

"சுடரைச் சுத்தி ஒரு வட்டம் தெரியுது. அதைச் சுத்தி இன்னொரு வட்டம்."

முகாம் நடத்திய குருஜி கண்களை மூடிக்கொண்டார். "ஆபா மண்டலம்," என்றார். "ஒளிவட்டம்! இமயமலையில் உட்கார்ந்து ஆயுள் முழுக்கத் தவம் செய்கிறவர்களுக்குக் கிடைப்பது. இந்தப் பெண்ணுக்கு நம் பீடம் ஒரே மத்தியானத்தில் வழங்கியிருக்கிறது. எல்லோரும் கைதட்டுங்கள்."

எல்லோரும் கைதட்டினார்கள். ப்ரீதாவும் தட்டிவிட்டாள். அந்த வெட்கம் அவளுக்கு ரொம்ப நாள் போகவில்லை.

கடைசியில் அம்மாதான் லோதி ரோடு பக்கம் சின்ன கிளினிக் வைத்திருந்த டாக்டர் காமாக்ஷியிடம் அவளைக் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் முதல் வேலையாக விளக்கை அணைத்தார். இருட்டில் ப்ரீதாவின் கண்ணைக் கருவி வழியாக வெகுநேரம் பார்த்தார்.

"இருட்டுல உங்க கண்மணி சாதாரணத்தைவிட ரொம்ப விரியுது. லேசர் சரிபண்ணின வட்டம் சின்னது. கண்மணி அந்த வட்டத்தைத் தாண்டி விரியறதால ஓரத்துல வர்ற வெளிச்சம் சிதறுது. அதோட கண்ணு ஏற்கெனவே வறண்ட கண்ணு. ஆபரேஷனுக்கு முன்னாடி இருட்டுல பார்த்திருந்தா, 'உங்களுக்கு இது வேண்டாம்'னு சொல்லியிருப்பாங்களே. பார்க்கலையா?"

"இருட்டே கிடையாதுன்னு சொன்னாங்க டாக்டர்."

காமாக்ஷி விளக்கைப் போட்டார். "இது நல்ல சிகிச்சைதாம்மா. ஏத்த கண்ணுக்குச் செஞ்சா ஜனங்க சந்தோஷமாத்தான் இருக்காங்க. உங்க கண்ணு அதுக்கு ஏத்தது இல்ல. வறட்சியை நான் குறைக்கறேன். வட்டங்கள் கொஞ்சம் குறையலாம். முழுக்கப் போகும்னு சொல்ல மாட்டேன்."

ப்ரீதா தலைவரையே பார்ப்பது என்று முடிவு செய்தாள். திருநெல்வேலி என்று சொன்னதால் உடனே உள்ளே விட்டார்கள். டாக்டர் காமாக்ஷி சொன்னதை அப்படியே சொன்னாள். பாலசுப்ரமணியம் கோபித்துக்கொள்ளவில்லை. அவருக்குத் தமிழில் பேச ஆள் கிடைத்த சந்தோஷம்.

"இருட்டு ரூம் இருந்துதும்மா. நான்தான் எடுத்தேன். ஏன் தெரியுமா? அதுக்குள்ள போற பத்துப் பேர்ல ரெண்டு மூணு பேர் 'எனக்கு ஆகாதாம்'னு மூஞ்சியத் தொங்கப் போட்டுண்டு வெளியில வந்துடறான். எவ்வளவு நெகட்டிவிட்டி பாரு! ஒருத்தன் நம்பிக்கையோட வாசப்படி ஏறி வரான். அவன்கிட்ட போய் முடியாதுன்னு சொல்றதா? அது மனிதாபிமானமா? அந்த ரூமை இப்ப கஃபே ஆக்கிட்டேன். காப்பி நன்னா இருக்கும். சாப்பிட்டியோ?"

"டாக்டர், எனக்கு சரியாத் தெரியல. என் வேலையே போயிட்டிருக்கு."

"தெரியறது வேற, தெரியறதுன்னு சொல்றது வேறம்மா. முதலாவது உள்ளுக்குள்ள நடக்கறது. அதை யார் அளக்க முடியும்? ரெண்டாவதை வீடியோ எடுக்கலாம். நான் ரெண்டாவதை நம்பித்தான் இவ்வளவு பெரிய கட்டடம் கட்டியிருக்கேன். உன்னையே எடுத்துக்கோ. மைனஸ் ஏழுலேர்ந்து சிக்ஸ் பை சிக்ஸ்! நீ எங்க பெருமை. நீ அழுதாலும் சிக்ஸ் பை சிக்ஸ்தான்." அவர் நாற்காலியில் முன்னால் சாய்ந்தார். "ஆமா, என்ன வேலை பண்றே நீ?"

"படங்களுக்குக் கலர் பண்ற வேலை."

"அச்சா! அடுத்த மாசம் எங்க பத்தாவது ஆண்டு விழா. பீடத்தைப் பத்திப் படம் எடுத்து வெச்சிருக்கோம். கலர் மட்டும் நீ பண்ணிக் குடுத்துடு. எங்க யாத்ரியே பார்த்துப் பார்த்துப் பண்ணினதுன்னு மேடையில சொல்றேன். ஃப்ரீயா பண்ணுவியோன்னோ, நம்ம ஊர்ப் பொண்ணு?"

மறுப்பதற்காகத்தான் ப்ரீதா வாயைத் திறந்தாள். "பண்றேன் டாக்டர்," என்று வந்தது.

லிஃப்டில் இறங்கும்போதுதான் தனக்குக் கோபம் வந்திருப்பதை அவள் கண்டுபிடித்தாள். இத்தனை நாள் அழுகையும் குழப்பமுமாக இருந்ததெல்லாம் ஒதுங்கி, அது மட்டும் நடுவில் நின்றது. வெகுநாளைக்குப் பிறகு ஒரு விஷயம் அவளுக்கு இவ்வளவு தெளிவாகத் தெரிந்தது.

ஸ்டூடியோவில் எடிட்டர் ப்ரசன்னாவிடம் சொன்னாள். மதுரைக்காரன். திட்டத்தைக் கேட்டதும் தலையில் கைவைத்துக்கொண்டான்.

"ஏ ப்ரீதா, வேணாம்ப்பா. வேலை போயிரும்."

"வேலை ஏற்கெனவே போயிடுச்சு. சம்பளம் மட்டும்தான் வந்துட்டிருக்கு."

"சரி, அப்படி என்னதான் தெரியுது ஒனக்கு? சொல்லு, பாப்போம்."

இத்தனை பேரில் இந்தக் கேள்வியை யாருமே கேட்டிருக்கவில்லை.

பீடத்தின் படத்தைத் திரையில் ஏற்றினார்கள். அவள் மேஜை விளக்கைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, ப்ரசன்னா வரைந்தான். வட்டம் இன்னும் பெரிசு. இல்ல, நடுவுல இவ்வளவு வெள்ளை வேண்டாம். கதிர் இடது பக்கம் நீளமா இருக்கும். எழுத்துக்குக் கீழே ஒரு நிழல் எழுத்து, அதுக்கும் கீழே இன்னொண்ணு. திரையில் வருவதை அவளால் சரிபார்க்க முடியாது. அவள் கண் அதன்மேல் தன் பங்குக்கு இன்னொரு வட்டத்தைப் போட்டுவிடும். அதனால் விளக்கு அவளுக்கு எப்படித் தெரிகிறதென்று அவள் சொல்ல, திரை தனக்கு எப்படித் தெரிகிறதென்று அவன் சொல்ல, இரண்டும் ஒன்றாகும் வரை திரும்பத் திரும்பச் செய்தார்கள். மதியச் சாப்பாட்டு நேரமெல்லாம் இதற்கே போயிற்று.

ஒருநாள் படத்தில் சாலைக் காட்சி ஒன்றை முடித்துவிட்டு ப்ரசன்னா மௌஸிலிருந்து கையை எடுத்தான்.

"இப்படியா தெனமும் நீ ரோட்ட கிராஸ் பண்ற?"

"ம்."

அதன்பிறகு அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை.

விழாவுக்கு முன்னால் ஷ்ருதி வந்து படத்தைப் பார்த்தாள். அவளுக்குச் சுத்தமான பிரதியைப் போட்டுக் காட்டினார்கள். லோகோவைப் பெரிதாக்கச் சொல்லிவிட்டு, புன்னகையோடு ஒப்புதல் கொடுத்தாள். விழாவில் படத்தைத் தானே ஓட்டுவதாக ப்ரசன்னா சொன்னதற்கும் தலையாட்டினாள்.

மண்டி ஹவுஸ் பக்கம் ஒரு பெரிய அரங்கம். மேடை முழுக்கச் சாமந்தி. தலைமை விருந்தினர் பத்மநாபன், சுகாதாரத் துறையில் உயரதிகாரி, அவரும் தமிழர். மத்திய அரசு ஊழியர்களில் கிட்டப்பார்வை உள்ளவர்களை எல்லாம் நவநேத்ர பீடத்துக்கே அனுப்பிவைப்பது என்ற ஒப்பந்தத்தில் அன்று மேடையிலேயே கையெழுத்திட வந்திருந்தார். முன்வரிசைகளில், 'நான் பார்க்கிறேன்' என்று எழுதிய மஞ்சள் பட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு யாத்ரிகள் உட்கார்ந்திருந்தார்கள். ஷ்ருதி பச்சைக் கைக்குட்டையை உயர்த்தும்போது அவர்கள் கைதட்ட வேண்டும் என்று காலையிலேயே பயிற்சி கொடுத்திருந்தார்கள். ப்ரீதாவுக்கும் ஒரு பட்டை மாட்டியிருந்தது.

பாலசுப்ரமணியம் இந்தியில் பேசினார். "சிலர் கேட்கிறார்கள், நீங்கள் கண்ணைத் திறந்தீர்களா, கடையைத் திறந்தீர்களா என்று. நான் சொல்கிறேன், ஒன்றைத் திறக்காமல் மற்றொன்றைத் திறக்க முடியாது!"

பச்சைக் கைக்குட்டை உயர்ந்தது. கைதட்டல்.

அரங்கின் விளக்குகள் அணைந்தன. படம் தொடங்கியது.

முதலில் பீடத்தின் பெயர் வந்தது. ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று பெயர்கள், தண்ணீரில் எழுதிய மாதிரி. பிறகு தலைவரின் முகம். நெற்றியைச் சுற்றி ஒரு சக்கரம். மூக்குக்குப் பக்கத்தில் இன்னொரு மூக்கு. பத்மநாபன் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். மறுபடியும் கழற்றினார். பின்வரிசைகளில் "ஃபோகஸ், ஃபோகஸ்!" என்று குரல்கள் எழுந்தன. யாரோ விசிலடித்தார்கள்.

பாலசுப்ரமணியம் மைக்கைப் பிடித்தார். "ஆபரேட்டர்! என்ன இது? எதுவுமே தெரியலையே!"

படம் ஓட்டும் அறையின் ஜன்னலில் ப்ரசன்னாவின் தலை தெரிந்தது. "ஃபோகஸ் கரெக்ட்டா இருக்கு சார். மெஷின்ல செக் பண்ணிட்டேன்."

"மெஷின் கிடக்கட்டும்யா! மனுஷன் தன் கண்ணால பார்த்துட்டுத் தெரியலைன்னு சொல்றேன். மனுஷன் சொல்றதை நம்புவியா, மெஷின் சொல்றதை நம்புவியா?"

மைக் வழியாக அது அரங்கம் முழுக்கக் கேட்டது. ஆத்திரத்தில் அவர் முன்வரிசைப் பக்கம் திரும்பி, தன் ஆட்களையே சாட்சிக்கு அழைத்தார். "நீங்களே சொல்லுங்கள். இந்தப் படம் தெளிவாக இருக்கிறதா?"

மஞ்சள் பட்டைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பேங்க் கிளார்க் போலிருந்த ஒருவர் எழுந்து கைகூப்பினார்.

"இருக்கிறது, டாக்டர் சாப். நன்றாகத்தான் இருக்கிறது."

"நன்றாக இருக்கிறதா?"

"ஆமாம். எப்போதும் போலத்தான் தெரிகிறது."

அவருக்குப் பின்னால் ஒரு பெண், "எனக்கும் ஒன்றும் கோளாறு தெரியவில்லை சார்," என்றாள். பயத்தில் ஷ்ருதியின் கை தன்னால் உயர்ந்தது. அதில் பச்சைக் கைக்குட்டை இருந்தது. முன்வரிசை முழுவதும் கைதட்டியது.

ப்ரீதா மேடையேறினாள். மைக்கை பாலசுப்ரமணியத்திடமிருந்து வாங்கியபோது, அவர் ஏதோ உதவி வந்துவிட்டதாக நினைத்துக் கொடுத்துவிட்டார்.

"கோளாறு படத்தில் இல்லை," என்று இந்தியில் சொன்னாள். "நான்தான் இப்படிச் செய்தேன். இவர்கள் லேசர் வைத்த என் கண்ணுக்கு ராத்திரியில் எல்லாமே இப்படித்தான் தெரிகிறது. சொல்லிப் பார்த்தேன், யாரும் கேட்கவில்லை. அதனால் காட்டினேன். சரியான பிரதியும் இருக்கிறது. ப்ரசன்னா, அதைப் போடு."

திரை மாறியது. பளிச்சென்று எழுத்துகள், தலைவருக்கு ஒரே மூக்கு. அரங்கம் "ஆ..." என்று மூச்சு விட்டது. பத்மநாபன் நாற்காலியில் சாய்ந்தார்.

பேங்க் கிளார்க் இன்னும் உட்காரவில்லை. கொஞ்சநேரம் திரையைப் பார்த்துவிட்டு, மரியாதையாகக் கேட்டார்:

"மேடம், சரியான படத்தை எப்போது போடுவீர்கள்?"

யாரும் சிரிக்கவில்லை.

பத்மநாபன் எழுந்து வந்தார். "படம் மாறினது உங்கள்ல யாருக்கெல்லாம் தெரியலை? கையைத் தூக்குங்க," என்றார். பதற்றத்தில் தமிழில் கேட்டுவிட்டு, மறுபடி இந்தியில் கேட்டார். ஒரு கை உயர்ந்தது. பிறகு அங்கொன்று, இங்கொன்று. எல்லோரும் தூக்கவில்லை, பலருக்கு நன்றாகவே தெரிந்தது, அவர்கள் பக்கத்தில் இருந்தவர்களைத் திகிலோடு பார்த்தார்கள். தூக்கியவர்களும் அப்படித்தான் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தனக்கு மட்டும்தான் என்று ஒவ்வொருவரும் நினைத்திருந்தார்கள்.

"இது ஒரு கலைப்படைப்பு..." என்று பாலசுப்ரமணியம் ஆரம்பித்தார். அவர் கையில் மைக் இல்லாததால் அது கேட்கவில்லை.

பத்மநாபன் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு மேடையை விட்டு இறங்கினார்.

அதற்குப் பிறகு நடந்தவை பத்திரிகைகளில் வந்தன. விசாரணைக் குழு பீடத்துக்குப் போயிற்று. கஃபேயை மூடிவிட்டு அதே இடத்தில் இருட்டறை அமைக்கும்வரை கர்ப்பக்கிரகத்துக்கு சீல் வைத்தார்கள். மஞ்சள் பட்டை போட்டிருந்தவர்கள் ஒன்றுசேர்ந்து நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். பேங்க் கிளார்க்தான் முன்னால் நடந்தார். ஸ்டூடியோ முதலாளி ஒருநாள் முழுக்கக் கத்தினார். மறுநாள் ஒரு பேய்ப்படத் தயாரிப்பாளர், அதே மாதிரி வெளிச்சம் தன் படத்துக்கும் வேண்டும் என்று ஃபோன் செய்ததும் அமைதியாகிவிட்டார். ப்ரீதாவின் கண்ணில் டாக்டர் காமாக்ஷியின் மருந்தால் வறட்சி குறைந்தது. வட்டங்கள் கொஞ்சம் மெலிந்தன. போகவில்லை.

ஒருநாள் மத்தியானம் பாலசுப்ரமணியம் ஸ்டூடியோவுக்கே வந்துவிட்டார். சகிகள் யாரும் கூட வரவில்லை. வரவேற்பறையில் ரொம்ப நேரம் காத்திருந்தார்.

"ஒரு வார்த்தை எழுதிக் குடுத்துடும்மா," என்றார். "படம் வெறும் கற்பனை, மிகைப்படுத்திட்டேன்னு. நீதிமன்றத்துல அது ஒண்ணு போதும் எனக்கு. நம்ம ஊர்ப் பொண்ணு நீ."

"எழுதித் தர்றேன் டாக்டர். ஆனா நீங்க இன்னும் முழுப் படத்தையும் பார்க்கலையே. உள்ள உட்கார்ந்து பாருங்க. எது கற்பனைன்னு நீங்க சொல்லுங்க, அப்படியே எழுதிடறேன்."

அவர் முகம் மலர்ந்தது. இருட்டறையில், பெரிய திரைக்கு முன்னால், அவள் முன்பு உட்காரும் நாற்காலியில் அவரை உட்காரவைத்தாள். படத்தை ஓடவிட்டாள். முடிந்ததும் தானாக மறுபடி தொடங்கும்படி வைத்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினாள். பூட்டவில்லை. எழுந்து போக அவருக்குத் தடை ஏதும் இல்லை; எழுதிக் கொடுக்கும் காகிதம்தான் கைக்கு வரவில்லை.

படம் ஒரு முறை ஓடியது. இரண்டாவது முறையும் ஓடியது. மூன்றாவது முறை ஓடும்போது உள்ளிருந்து குரல் வந்தது.

"அம்மா, போதும்மா. கண்ணு கூசறது. தலையெல்லாம் வலிக்கறது. அந்த லைட்டைக் கொஞ்சம் போடேன்."

அந்த அறையின் சுவிட்ச் வெளிப்பக்கத்தில், கதவுக்கு அருகில் இருந்தது. ப்ரீதா அதன் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். சுவிட்சைப் பார்த்தாள். நன்றாகத் தெரிந்தது.

பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, "வா, பசிக்குது," என்றாள் ப்ரசன்னாவிடம்.

கீழே தெருமுனை வண்டியில் சோலே குல்ச்சா வாங்கிக்கொண்டு, வெயிலில் நின்று சாப்பிட்டார்கள். ப்ரசன்னாவுக்கு இறங்கவில்லை. இரண்டு தடவை மாடியைப் பார்த்தான்.

"அந்தாளு இன்னும் உள்ளதான் இருக்காரு. போயி லைட்டப் போட்டுட்டு வந்துரவா?"

"சாப்பிடு," என்றாள் ப்ரீதா. வண்டிக்காரரிடம் தட்டை நீட்டினாள். "பாயி சாப், இன்னொரு பிளேட். வெங்காயம் கொஞ்சம் ஜாஸ்தி."